வலது ஓரம் தேய்ந்த கரண்டி

சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் சாணை பிடிக்கும் கடை வைத்திருந்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்தியோ கத்தரிக்கோலோ கைக்கு வந்தால் உடனே சக்கரத்தைச் சுழற்ற மாட்டாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவுவாள். பிறகு கேள்வி வரும்: "இத யாரு பிடிக்கிறது? அவசரக்காரரா?"

"கத்தியத் தீட்டக் குடுத்தா என் குடலையே உருவுறியேம்மா" என்பார் இறைச்சிக் கடைக்காரர்.

கணவன் வெளியூர் வேலைக்குப் போனபோது அவள் கைக்கு வந்த கடை அது. பிழைப்புக்காகத்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஒவ்வொரு கையும் இரும்பை ஒவ்வொரு விதமாகத் தின்பதைப் பார்த்த பிறகு, அவளுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அன்று காலை அண்ணன் வந்தான். சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துபவன். இடது கையால் பரிமாறுவதால் எல்லாருக்கும் அவன் 'இடக்கை மாஸ்டர்'. செய்தித்தாளில் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே பழைய வீட்டுக் கரண்டி.

அப்பா காலமாகி அந்த வீட்டைக் காலி செய்தபோது கட்டில், கண்ணாடி, அலமாரி எதுவும் வேண்டாம் என்று சொல்லி, இந்தக் கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவன் அவன்.

"குட்டி, இத சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. நாளைக்குப் புதுக் கடை திறக்கிறேன். 'அம்மா கைப்பக்குவம்'னு போர்டு எழுதியாச்சு. அதுக்குக் கீழ இதத் தொங்கவிடணும். ஒரு பக்கம் தேஞ்சு கோணலா இருக்கு பாரு. இன்னொரு பக்கத்தையும் தேச்சு சமமாக்கிடு."

"இதுலதான சமைக்கிறே?"

"ஆமா. வேற எந்தக் கரண்டியும் என் கைக்கு இப்படிப் படியாது. அம்மா தொட்டதாச்சே!"

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவன் முகம் சுருங்கியது. "போர்டுன்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சு. வேணாங்கிறாங்க. ஏன்னு கேட்டா வாயத் திறக்கல. திறப்பு விழாவுக்கும் வர மாட்டாங்களாம். அவங்க வராம நான் என்னத்தக் கடை திறக்கிறது? நீயாவது கேட்டுச் சொல்லேன்."

அவன் போன பிறகு சக்கரத்தை ஓடவிட்டாள். கரண்டியை அருகில் கொண்டுபோனவள் பழக்கதோஷத்தில் ஒரு நொடி நிறுத்தி, ஓரத்தைத் தடவினாள். பிறகு சக்கரத்தையே நிறுத்தினாள்.

வலது ஓரம் தேய்ந்திருந்தது.

வலது கையால் சட்டியைக் கிண்டிச் சுரண்டினால் தேய்வது இடது ஓரம். அம்மா வலது கைக்காரி. அண்ணன் கிண்டிய சில வருடங்களில் இவ்வளவு தேயாது. கரண்டியின் வாய் பிறை போல் ஆகும்படி யாரோ இடது கையால் வருடக்கணக்காகச் சுரண்டியிருக்க வேண்டும். அண்ணனும் இடது கை. அதனால்தான் இந்தத் தேய்மானம் அவன் கைக்குப் படிந்திருக்கிறது!

வீட்டில் இன்னொரு இடது கைக்காரர் உண்டு. சினிமா கொட்டகை வாசலில் நின்று இடது கையால் டிக்கெட் கிழித்த அப்பா.

கடைக்கு மேலே உள்ள அறையில்தான் அம்மா அவளோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி தேய்த்தே காலம் கழித்தவள். இன்றும் ஒரு துண்டைக்கூட விளிம்போடு விளிம்பு சேராமல் மடிக்க மாட்டாள்.

"அம்மா, இது யாரு கை?"

கரண்டியைப் பார்த்ததும் மடித்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது.

"உன் கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுன்னு உங்கப்பா அப்பவே சொன்னாரு."

"அப்ப தினமும் சமைச்சது?"

"வேற யாரு? நான் விடியறதுக்கு முந்தியே வேலைக்கு ஓடுவேன். அவருக்கு மத்தியானம்தான் கொட்டகை. நீங்க முழிக்கிறதுக்குள்ள ரெண்டு வேளைக்கும் செஞ்சு மூடி வெச்சிட்டு, ஒண்ணும் தெரியாதவர் மாதிரி பேப்பரோட உக்காந்திருப்பாரு. எனக்கு லீவுன்னா நான் சமைக்கிறதப் பாக்க வந்து நிப்பீங்க, அன்னைக்குக் கடை ரொட்டிதான் உங்களுக்கு. ஞாபகம் இருக்கா? எனக்குச் சமையலே வராதுடி."

"ஏம்மா மறைச்சீங்க?"

"எல்லாம் உன் அண்ணனால. சின்ன வயசுல ஒருநாள் அப்பா சமைக்கிறதப் பாத்துட்டு, 'அம்மா செஞ்சாத்தான் தின்பேன்'னு தட்ட வீசினான். இவரு அதே சோத்த வேற தட்டுல போட்டு, 'இது அம்மா செஞ்சுவெச்சதுடா'ன்னாரு. வழிச்சு நக்கித் தின்னான். அன்னைலேருந்து அதுவே நிலைச்சுப்போச்சு." துண்டை மடியில் வைத்தாள். "இப்ப ஊரே என் கையப் புகழப் போகுது. அந்த மனுஷன் பேரு எங்கயும் இல்ல. உண்மையச் சொன்னா இவன் அடிமடியிலயே கை வெச்ச மாதிரி. நான் எந்த மூஞ்சியோட அங்க வந்து நிப்பேன்?"

"நான் இதத் தேய்க்க மாட்டேன்மா. அவன் கேட்டா காரணம் சொல்லித்தான் ஆகணும்."

அம்மா மறுக்கவில்லை.

மாலையில் அண்ணன் படியேறி வந்தான். தங்கை கரண்டியை அவன் வலது கையில் கொடுத்து, "கிண்டிப் பாரு" என்றாள். காற்றில் கிண்டினான். ஒத்துவரவில்லை. தானாக இடது கைக்கு மாற்றினான். அதன் பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்தத் தேய்ந்த ஓரத்தை விரலால் தடவினான். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தான்.

"தினமும் ராத்திரி கொட்டகையிலேருந்து வந்து ஒரு வாய் வெச்சதும், 'உங்கம்மா இன்னைக்கு உப்பக் கொட்டிட்டா'ம்பாரே! அவரே சமைச்சதயா?"

"அதுக்கு நான், 'நாளைக்கு நீங்களே சமைங்க'ம்பேன்" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் சிரிப்போம். நீங்க பேந்தப் பேந்த முழிப்பீங்க."

தங்கைக்கு அந்தச் சிரிப்பு நினைவிருந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது இன்றுதான் விளங்கியது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போர்ட மாத்தி எழுதச் சொல்லிடுறேன்."

"மாத்தாத" என்றாள் அம்மா. "அந்தப் பேர வெச்சதே உங்கப்பாதான்."

"அப்ப நாளைக்கு வருவீங்களா?"

"கரண்டி எங்க இருக்கப் போகுது? செவுத்துலயா?"

அவன் தங்கையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். "சட்டியில" என்றான்.

"அப்ப வரேன்" என்றபடி அம்மா கையிலிருந்த துண்டின் அடுத்த மடிப்பை மடித்தாள். "உப்பு ஜாஸ்தின்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?"