களத்துப் பிள்ளையார் மூக்குத்தி

என் பேரு தட்சிணாமூர்த்தி. பூந்தமல்லில ஒரு ட்ராக்டரு, ஒரு கதிரடிக்கிற மெஷினு, ஒரு நெல்லு தூத்துற மெஷினு வெச்சுகினு கீறேன். இந்தக் காலத்துல எவன்யா இத்தக் கூப்புடறான்னு கேக்காதவனே கெடையாது. கேக்குறவன் ஒரு தபா அயனம்பாக்கம் சந்துக்குள்ள வந்து பாக்கட்டும். ரெண்டு பக்கமும் ஃப்ளாட்டு, தலைக்கு மேல கேபிள் ஒயரு, ஏரியோரமா மிச்சம் மீதி கழனி. அறுத்து அடிச்சு எல்லாத்தயும் ஒண்ணாப் பண்ற பெரிய மெஷினு அந்தச் சந்துல திரும்பவே திரும்பாது. கையால அறுத்துட்டு எனக்குத்தான் போன் போட்டாவணும்.

என் மெஷினப் பத்தி நான் பேசினா நிறுத்த மாட்டேன். ஆனா இப்ப பேசப் போறது அஞ்சலையப் பத்தி. தூத்துற மெஷினோட தொட்டி வாய்ல நின்னு நெல்லக் கொட்டுறது அதுதான். பின்னாடி காத்தாடி சுத்தும். பதரும் தூசும் அந்தாண்ட பறக்கும். வைக்கத் துண்டு, மண்ணாங்கட்டி எல்லாம் சல்லடை மேல தங்கி ஓரமா விழும். நல்ல நெல்லு கீழ எறங்கும். அவசரப்பட்டு மொத்தமாக் கொட்டுனா நல்ல நெல்லும் பதரோட பறந்துடும். அஞ்சலை கொட்டுனா பறக்காது. அவ்ளோதான், வேற பெருமை ஒண்ணும் இல்ல.

சென்னீர்குப்பத்துல பொறந்தது. கட்டுனவன் வினோத்து, நல்லாத்தான் இருந்தான், ஒரு நாள் வேலைக்குன்னு போனான், போனவன் போனவன்தான். அம்பத்தூர்ல துணி தைக்கிற கம்பெனில சேந்துச்சு. கம்பெனி மூடுனதும் என்கிட்ட வந்து நின்னுச்சு. பொம்பளைக்கு மெஷின் வாய்ல வேல குடுக்கறியான்னு நாலு பேரு என்னக் கலாய்ச்சாங்க. போங்கடான்னுட்டேன். அந்த வேலையிலதான் பொண்ணு பவ்யாவ நர்ஸு படிப்புல சேத்துகீது. ஒண்ணு மட்டும் நல்லாப் புரிஞ்சிக்கணும். நாங்க போற எடமெல்லாம் அடுத்தவங்க களம். நெல்லு குமிஞ்சி கெடக்கும், பூட்டும் கெடையாது சாவியும் கெடையாது. கை சுத்தம்ங்கிற பேருதான் எங்க முதலு. அது போச்சுன்னா மறுநாள் எவனும் களத்துல கால் வெக்க விடமாட்டான்.

போன ஆவணில நடந்தது இது. அயனம்பாக்கத்துல பரந்தாமனோட களம். களம்னா, அவரு ஊட்ட ஒட்டி விக்காம கெடக்குற ஒரு மனை, சுத்துச்செவுரு போட்டது. முந்தின நாளே கதிரடிச்சு நெல்லக் குமிச்சாச்சு. தூத்துறதுக்கு முன்னால அந்தக் குமியல் மேல சாணிப் பிள்ளையார் புடிச்சு, அருகம்புல்லு சொருகி, பொட்டுத் தங்கம் வெச்சுக் கும்புடறது அந்த ஊட்டு வழக்கம். பரந்தாமன் சம்சாரம் பூங்காவனம், அவங்க அம்மா குடுத்த ஒத்தக்கல் மூக்குத்தியக் கழட்டிப் பிள்ளையார் நெத்தியில பதிப்பாங்க. கற்பூரம் காட்டிட்டு உடனே எடுத்துப் போட்டுக்குவாங்க. வருஷா வருஷம் நான் பாத்துகீறேன்.

அன்னிக்குக் கற்பூரம் எரியறப்பவே ஊட்டுக்குள்ளேர்ந்து பொங்கல் அடி புடிக்கிற வாசன வந்துச்சு. பூங்காவனம் அய்யய்யோன்னு உள்ள ஓடிட்டாங்க. மேகம் வேற ஏறிக்கினு இருந்துச்சு. மழைக்கு முன்னாடி முடிச்சாவணும்னு பரந்தாமன் என்னப் போட்டு விரட்டுனாரு. அஞ்சலை ரெண்டு கையாலயும் பிள்ளையாரத் தூக்கிச் செவுத்தோரம் வெயில்ல வெச்சுட்டுத் தொட்டிக்கு வந்துச்சு. நான் இன்ஜின ஓட்டிட்டேன்.

பாதிக் குமியல் எறங்கினப்புறம் பூங்காவனம் மூக்கத் தடவிக்கினே ஓடியாந்தாங்க. பிள்ளையார் நெத்தில மூக்குத்தி இல்ல. இன்ஜின நிறுத்துனேன். ஓரமா விழுந்த மண்ணாங்கட்டியக் கிண்டுனோம், பதரக் கிண்டுனோம். கெடைக்கல. பிள்ளையார யாரு தூக்குனதுன்னு கேட்டாங்க. நான்தான் யக்கா தூக்கி வெச்சேன், அப்ப நெத்திய நான் பாக்கலன்னுச்சு அஞ்சலை.

அப்புறம் கேக்கணுமா. மடிய அவுத்து ஒதறுன்னுட்டாங்க பூங்காவனம்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. வாயத் தொறந்தேன், அஞ்சலை கையக் காட்டி என்னக் கம்முனு இருக்கச் சொல்லிடுச்சு. நடுக்களத்துல நின்னு மடிய ஒதறுச்சு. வெத்தல பாக்கு விழுந்துச்சு, தலவலித் தைலம் ஒண்ணு விழுந்துச்சு. ஃப்ளாட்டு பால்கனில துணி காயப் போட வந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்துக்கினு நிக்கிறாங்க, ஒருத்தன் போன்ல படமே புடிக்கிறான். எவன்டா அதுன்னு கத்துனேன், உள்ள போயிட்டான்.

அதோட உட்டாங்களா பூங்காவனம்? சென்னீர்குப்பத்துல அவங்க தங்கச்சி நாகவல்லி கீது. மறுநாள் எங்களுக்கு அங்கதான் வேல. எங்க காது கேக்கவே போன் போட்டு, என் மூக்குத்தி போயிடுச்சு, இவங்களோட வர்ற பொம்பளதான் கடைசியா கை வெச்சா, உஷாரா இருன்னு சொல்லிட்டாங்க. சென்னீர்குப்பம் அஞ்சலை பொறந்த எடம். அங்க பூரா சொந்தக்காரங்க. அது மொகம் வெளுத்துப் போனத நான் பாத்தேன்.

மூக்குத்தி சின்னது, சல்லடை ஓட்டை வழியா நெல்லோட நெல்லா எறங்கியிருக்கும், சின்ன ஓட்டைச் சல்லடை போட்டா அது மேல தங்கிடும், எறங்கின நெல்ல மறுபடி ஓட்டிப் பாத்துடலாம்னேன். அந்தச் சல்லடைல நெல்லே திணறித் திணறித்தான் எறங்கும். பரவால்லன்னு மாட்டுனேன். அஞ்சலை கொட்டுச்சு. நானும் பரந்தாமனும் சல்லடை மேல கண்ண வெச்சுகினு நின்னோம். பூங்காவனம் நெல்லப் பாக்கல, அஞ்சலை கையையே பாத்துக்கினு இருந்தாங்க. வைக்கத் துண்டு வந்துச்சு, ஒரு நத்தக் கூடு வந்துச்சு. ஒவ்வொண்ணயும் கையில எடுத்துப் பாத்துட்டுப் போட்டேன். எறங்குன நெல்லு முடிஞ்சு, மீதிக் குமியலும் முடிஞ்சு, தொட்டி காலியாச்சு. மூக்குத்தி வரல.

வானம் நல்லாக் கறுத்துடுச்சு. உடு பூங்காவனம், போனது போவட்டும்னாரு பரந்தாமன். அவரு நல்ல மனசுலதான் சொன்னாரு. ஆனா அப்பிடி உட்டுட்டா அஞ்சலைதான் திருடின்னு முடிஞ்சிடும், அது அந்த மனுஷனுக்குப் புரியல.

"யக்கா, இன்னும் ஒரு எடம் பாக்கல"ன்னுச்சு அஞ்சலை. "பிள்ளையார ஒடச்சிப் பாரு."

எல்லாரும் செவுத்தோரம் திரும்பினோம். முன்னாடி அடிச்ச வெயில்ல சாணி காஞ்சு இறுகிக் கெடந்துச்சு. களத்துல மண்ணாங்கட்டி மொதக்கொண்டு கிண்டியாச்சு, அத மட்டும் எவனும் தொடல. கற்பூரம் காட்டுன சாமிய எவன் ஒடைப்பான்? சொல்றேனே, எனக்கே அந்த நெனப்பு வரல. பூங்காவனம் கன்னத்துல போட்டுக்கினாங்க. அப்புறம், தூக்குனவ நீதான, நீயே ஒடைன்னாங்க. பாவம் வந்தா அஞ்சலைக்கு வரட்டும்னு கணக்கு.

"நான் தொட மாட்டேன் யக்கா. நான் ஒடச்சு உள்ள இருந்தா, நான்தான் சொருகுனேன்னு சொல்லுவ. நீ புடிச்ச சாமி, நீ ஒடை."

பரந்தாமன் தரையப் பாத்துக்கினு நின்னாரு. நான் ஒடைக்கிறேன்னு ஒரு அடி வெச்சேன், அஞ்சலை என்னயும் உடல. என் ஆளக் காப்பாத்த நானே சொருகுனேன்னு சொல்லுவாங்களாம். அதுவும் நாயந்தான். பூங்காவனம் குந்தினாங்க, மன்னிச்சிடு நைனா மன்னிச்சிடுன்னு முனகிக்கினே ரெண்டு கட்டை விரலால நடுவுல அழுத்தினாங்க. பொட்டுன்னு பொளந்துச்சு. உள்ள ஈரமா இருந்த சாணில மஞ்சளா ஒரு பொட்டு. ஈரமா இருக்கும்போது தூக்கினதுல உள்ளங்கை பட்டு அழுந்தி உள்ள போயிருக்கு, மேல சாணி மூடிக்கிச்சு.

பூங்காவனம் இன்னா பண்ணாங்க தெரியுமா? மூக்குத்தியத் தண்ணில அலம்பி, ரெண்டாப் பொளந்த பிள்ளையாருக்குப் புதுசா கற்பூரம் ஏத்தி, தோப்புக்கரணம் போட்டாங்க. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டாங்க. மடிய அவுத்து ஒதறுனவ பக்கத்துலயே நிக்கிறா, அவ பக்கம் திரும்பல. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மூக்குத்தியப் புடுங்கி ஏரில வீசியிருப்பேன்.

அஞ்சலை கோவப்படல. கிட்ட போய், உன் தங்கச்சிக்குப் போன் போடு யக்கான்னுச்சு. சரி சரி, அப்புறமா போடறேன்னாங்க. இப்பவே போடு, சத்தமா வெச்சுப் போடுன்னுச்சு. பரந்தாமனும் போடுன்னாரு.

"நாகவல்லி, மூக்குத்தி கெடச்சிடுச்சிம்மா"ன்னாங்க பூங்காவனம்.

"கெடச்சிதுன்னு சொல்லாத யக்கா. அது உன் மூக்குத்தி கத. நான் எடுக்கலன்னு சொல்லு."

அந்தாண்ட நாகவல்லி இன்னாக்கா இன்னாக்கான்னு கேக்குது. "அவ எடுக்கலடி"ன்னாங்க, வாய்க்குள்ளயே.

"அவன்னா யாரு? பேரச் சொல்லு."

பூங்காவனம் மொதல்முறையா நிமிந்து அது மொகத்தப் பாத்தாங்க. அப்புறம், "அஞ்சலை எடுக்கல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்"னு சொன்னாங்க.

அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் உடாத அஞ்சலை, குமியல் பக்கத்துல அப்பிடியே குந்தி மொகத்த மூடிக்கினு அழுதுச்சு. மழ தூற ஆரம்பிச்சிடுச்சு. நானும் பரந்தாமனும் தார்ப்பாய இழுத்தோம், பூங்காவனமும் ஓடியாந்து ஒரு முனையப் புடிச்சாங்க. அஞ்சலைய யாரும் கூப்புடல. அழுது முடிக்கட்டும்னு உட்டுட்டோம்.