தேங்காய் எண்ணெய் பூசிய சீடர்

பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில் பன்னிரண்டு பேரைச் சீடர்களாக உட்காரவைப்பார்கள். சாமியார் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, இயேசு செய்ததுபோல ஒவ்வொருவர் காலாகக் கழுவுவார். அதுவரை எல்லாம் ஆண்கள்தான். நான் நாலாவது படித்த வருஷம் வந்த புதுச் சாமியார் பெண்களும் உட்காரலாம் என்றுவிட்டார். பட்டியலில் முதல் பெயரே அம்மாவுடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அம்மா சீடர் என்று பள்ளிக்கூட வாட்ச்மேனிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கோ ஒரே கவலை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று பாத்திரம் தேய்க்கிறவள். குதிகால் இரண்டும் வெடித்துக் கிடந்தன.

"ஊரே பாக்கும். நா போவல."

"நீ கம்முனு இரு. கால என்கிட்ட வுடு" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா.

அன்றிலிருந்து நாலு சாயங்காலம் அவர் சவாரிக்குப் போகவில்லை. வீட்டுக்குள் ஏது இடம்? வாசலிலேயே பேசினில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தேய்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"இன்னா அண்ணாத்த, அக்கா உன்ன வேலைக்கு வெச்சிகிச்சா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆமா. இன்னொரு கால் காலியாத்தான் கீது, நீயும் வா."

என் மானம் கப்பலேறியது. வகுப்புப் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால்? நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். வெளிச்சத்தை மறைக்கிறேன் என்று அதற்கும் திட்டு விழுந்தது.

வியாழக்கிழமை கிளம்பும்போது, பளபளப்பு போதாது என்று அப்பா தேங்காய் எண்ணெயை எடுத்துக் கணுக்கால்வரை பூசிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. சாமியார் அம்மாவின் காலைப் பிடித்துத் தூக்கித் தண்ணீர் ஊற்ற, கால் வழுக்கிக்கொண்டு பேசினில் தொப்பென்று விழுந்தது. தண்ணீர் அத்தனையும் அவர் முகத்தில். மறுபடி பிடித்தார், மறுபடி தொப். கோயிலே சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது.

"யாரும்மா இவ்ளோ எண்ண பூசுனது?" அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக்கில் அது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். "நாந்தான் சாமி! நாலு நாளா கழுவிகினு கீறேன்!"

சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கு என்னய்யா வேலை மிச்சம் வெச்ச?"

நான் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பில் இயேசு ராஜாவை வரையச் சொன்னார்கள். பெரிய கிரீடம், சிங்கம் வைத்த சிம்மாசனம், சுற்றிலும் ஜிகினா என்று வரைந்து முதல் பரிசு வாங்கினேன். பரிசு ஒரு டிபன் பாக்ஸ். அதைக் காட்ட வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் அப்பா இடுப்பில் அதே துண்டோடு பேசினில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதான் முடிஞ்சிபோச்சே, இனிமே யாருப்பா பாக்கப் போறாங்க?" என்று கத்தினேன்.

"அவளுக்கு வலிக்குதுடி" என்றார்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறென்னவோ சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.