நீள் ஆடை அணிந்தவர்

தேனுஜா என் ஒன்றுவிட்ட அண்ணர் சிவகுருநாதனின் ஒரே மகள். 1991இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் பிறந்தவர். தையற்கலையில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்து, ஒன்பது ஆண்டுகள் பிறருடைய காற்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுத்தார். சென்ற ஆண்டு ஓர் அருங்காட்சியகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அது நீடிப்பது முதற்பணியைப் பொறுத்திருந்தது.

அந்தப் பணிக்குக் கொடுத்தது, ஸ்கண்டிநேவியாவில் கிடைத்த, வரலாறு எழுதப்படாத காலத்துப் பன்னிரண்டு பொன் தகடுகளில் ஒன்று. விரல்நகத்தின் அளவே இருக்கும். அதில் பொறித்த உருவத்தின் உடையை ஆளுயரத்தில் தைத்துப் பொம்மைக்கு அணிவிக்க வேண்டும். ஆடை தரையைத் தொட்டது. ஆகவே பெண் என்று காட்சிக்கான விளக்க அட்டை எழுதியாயிற்று. பெண் பொம்மையும் வந்து நின்றது.

தேனுஜா உருப்பெருக்கியில் பார்த்தார். மார்பும் தெரியவில்லை, தாடியும் தெரியவில்லை. துணியின் மடிப்பு மட்டுமே தெரிந்தது. ஆனால் இதைப் பொறுப்பாளர் நடாலியிடம் சொல்லத் துணிவு வரவில்லை. காற்சட்டை வெட்டியவருக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்டுவிட்டால், ஒப்பந்தம் அத்துடன் போய்விடும்.

அந்த ஞாயிறு, ஒரு பழைய படத்தைச் சரிபார்க்க, நான் தொகுத்துவரும் குடும்பப் பதிவேட்டுடன் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுப்பாவாடை, பூச்சடை, நெற்றிச்சுட்டியுடன் ஒரு குழந்தை. கீழே என் கையெழுத்து: “மகள். பெயர் தெரியவில்லை. இளமையில் இறந்திருக்கலாம்.”

“ஆரப்பா இந்தப் பிள்ளை?” என்று தேனுஜா கேட்டார்.

அண்ணர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “நான்தான்.”

“நீங்களோ!”

“மூண்டு பெடியளுக்குப் பிறகு நாலாவதும் பெடியன், அது நான். அம்மாவுக்குச் சடை பின்ன ஆசை. மொட்டை அடிக்க முன்னம் ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனவ. தம்பி, என்னைச் சாக்காட்டிப் போட்டியே!”

“இப்பவும் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டால் அரை மணித்தியாலம்தான்” என்றார் அண்ணி சுந்தரேஸ்வரி.

தேனுஜா சிரிக்கவில்லை. “சித்தப்பா, படத்தை ஒருக்காத் தாங்கோ. நாளைக்கு வேணும்.”

மறுநாள் அதை நடாலியின் மேசையில், தகட்டின் அருகே வைத்தார்.

“அழகான சிறுமி” என்றார் நடாலி.

“என் அப்பா. இப்போது மீசை வைத்திருக்கிறார்.”

நடாலி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியானால் இது ஆணா?”

“பெண்ணாகவும் இருக்கலாம். ஆடை என்னவென்று என்னால் சொல்ல முடியும். ஆள் யாரென்று சொல்ல முடியாது.”

“அட்டையில் என்ன எழுதுவது?”

“தமிழில் ‘அணிந்தவர்’ என்றால் போதும்.”

“ஜெர்மனில் ‘ஆள்’ என்பதற்கான சொல்லே இலக்கணத்தில் பெண்பாலாயிற்றே!” என்று சிரித்தபடி நடாலி பழைய அட்டையைக் கிழித்தார்.

பெண் பொம்மை திரும்பிப் போயிற்று. தேனுஜா தைத்த ஆடை தலையில்லாத தாங்கியில் நிற்கிறது; கீழே ‘நீள் ஆடை அணிந்தவர்’ என்ற பொருளில் புதிய அட்டை. அவருடைய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள் நீண்டிருக்கிறது. மீதிப் பதினொரு உருவங்களின் அட்டைகளையும் எழுதுமுன் அவரிடம் காட்டுகிறார்கள்.

பதிவேட்டில் பழைய வரியை நான் அழிக்கவில்லை. அதன்மேல் கோடிட்டுக் கீழே எழுதினேன்: “மகன், சிவகுருநாதன். நலமாக இருக்கிறார். திருத்தக் காரணமானவர்: மகள் தேனுஜா.”