மகளின் எண் என் போனில் ஒலித்த நாள்

மகளின் செல்போன் கம்பெனியை மாற்றியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மாற்றும்போது வந்த ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு, இன்றும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அப்படியும் மாற்றியது சரிதான். மாற்றிய விதத்தில்தான் கோளாறு.

மகள் கல்வராயன் மலையில் கிராம சுகாதாரச் செவிலியர். மலையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நர்ஸம்மா என்றுதான். நாங்கள் மலைக்குக் கீழே கச்சிராயபாளையத்தில் இருக்கிறோம். மொட்டை மாடியில் நின்றால் அவள் இருக்கும் மலை தெரியும். மழைக்காலத்தில் மேகம் இறங்கி அதை மூடிவிட்டால் எனக்குக் கையில் வேலை ஓடாது. கணவர் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, மலை காணாம பூடுச்சா?" என்பார். கேலிதான். ஆனால் கேட்டுவிட்டு அவரும் மாடிக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்.

அவள் தங்கியிருக்கும் குடியிருப்பில் எங்கள் செல்போன் கம்பெனியின் சிக்னல் ஒரே ஓர் இடத்தில்தான் எடுக்கும். ஜன்னலில். அதனால் ஜன்னல் கம்பியில் ஒரு மஞ்சள் பையைக் கட்டி அதற்குள் போனைப் போட்டு வைத்திருந்தாள். மணி அடித்தால் எடுத்துக்கொண்டு வெளியே ஓடிப் பலா மரத்தடியில் நின்று பேசுவாள். சாரல் அடித்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் அந்த டவரும் படுத்துவிடும். "எம்மா, கேக்குதா? எம்மா, கேக்குதா?" என்பதையே பாதிப் பேச்சாகப் பேசி முடித்திருக்கிறோம்.

இதற்கிடையில் பக்கத்துக் கிராமத்தில் வேறொரு கம்பெனிக்காரர்கள் புது டவர் போட்டார்கள். மலையில் பலரும் அதற்கு மாறிவிட்டார்கள். மகள் மட்டும் மாறவில்லை. கர்ப்பிணிகள் எல்லோரிடமும் அவள் எண்தான் இருக்கிறது, அது மாறினால் குழப்பம் என்றாள். எண் மாறாது, கம்பெனி மட்டும்தான் மாறும் என்று விளக்கினேன். நான் பி.எஸ்சி. படித்தவள், இந்த மாதிரி விஷயங்களை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் பேசுவேன்.

"அதுக்குக் கடைக்கு நேர்ல போவணுமேம்மா. எனக்கு எங்க நேரம்?"

"நீ எதுக்குப் போவணும்? சிம்மு என் பேர்லதான கீது. நான் போறன்."

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் சிம் அப்பா பேரிலோ அம்மா பேரிலோதான் இருக்கும். கல்லூரிக்குப் போகும்போது வாங்கிக் கொடுப்போம். வேலைக்குப் போனாலும், கல்யாணமே ஆனாலும் அது அப்படியே இருக்கும். யாரும் மாற்ற நினைப்பதில்லை. அது எவ்வளவு வசதி என்று அன்றைக்கு நினைத்தேன்.

புதன்கிழமை அவள் பலா மரத்தடியில் நின்று கம்பெனி மாற்றுவதற்கென்று குறுஞ்செய்தியில் வந்த குறியீட்டை வாசித்துச் சொன்னாள். நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலுள்ள கடைக்குப் போய் ஆதார் அட்டையை நீட்டினேன். கடைப்பெண் என்னைப் போட்டோ எடுத்தாள். கண்ணை மூடிவிட்டேன் என்று திரும்ப எடுத்தாள். புது சிம்மைக் கையில் கொடுத்து, "திங்கக்கிழமை வாக்குல மாறிடுங்க. பழசுல சிக்னல் போச்சின்னா இத எடுத்துப் போட்டுக்குங்க" என்றாள். மகள் சனிக்கிழமை காலை வேலையை முடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் கீழே வருவதாக இருந்தது. ஞாயிறு தங்கிவிட்டு சிம்மோடு திரும்புவாள். கணக்கு சரியாக இருந்தது. நான் கிளம்பும்போது கடைப்பெண் என் போனைப் பார்த்தாள். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்டிருப்பேன். "புது போனு ஏதாச்சும் பாக்கறீங்களாக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். மணி அடிக்கிற போனை எதற்கு மாற்ற வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. சனிக்கிழமை காலையில் மலை இருந்த இடத்தில் வெள்ளைத்துணி விரித்ததுபோல் இருந்தது. மலைப்பாதையில் மரம் சாய்ந்து பஸ் பாதியில் திரும்பிவிட்டது என்று பால்காரர் சொன்னார். மகளுக்கு அடித்தேன். சத்தமே இல்லை. கரண்ட் போயிருக்கும், டவர் படுத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த முறை அடித்தபோது வேறு மாதிரி ஒரு பதிவுக்குரல் வந்தது. புதுக் கம்பெனியின் குரல். எண் மாறிவிட்டது. திங்கள் வாக்கில் மாற வேண்டியது சனிக்கிழமையே மாறிவிட்டது. மகள் மலைமேல். அவள் எண் என் மணிபர்ஸில்.

பர்ஸைத் திறந்தேன். சிம்மை எடுத்து என் போனின் காலியான இரண்டாவது துளையில் போட்டேன். உயிர் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போட்டேன். வந்துவிட்டது. நான் மூடியை வைத்து ரப்பர் பேண்டை மாட்டுவதற்குள் மணி அடித்தது.

"நர்ஸம்மா, கெழவிக்கு சக்கர மாத்திர தீந்துபோச்சி."

"நான் நர்ஸம்மாவோட அம்மா பேசறன்."

அந்தப் பக்கம் ஒரு பெரியவர். யோசித்தார். "எப்ப மலைக்கி வந்தீங்க?"

"வரலைங்க. கீழதான் கீறன்."

"அப்ப நர்ஸம்மா கீழ வந்துட்டாங்களா?"

"இல்ல. அவ மேலதான் கீறா. நம்பரு மட்டும் கீழ வந்துடுச்சி."

"ஓ" என்றார். பிறகு, "மாத்திர மேல கீதா, கீழ கீதா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். மகளைப் பார்த்தாரா என்று கேட்டேன். நேற்றைக்குப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்து ஒரு பெண். ஊசி போட்ட குழந்தைக்குச் சுடுகிறது, என்ன செய்வது என்றாள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் நான் சொல்லக் கூடாது. நேராகச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போ என்றேன். மகளைப் பார்த்தாயா என்று அவளிடமும் கேட்டேன். "இன்னிக்கிப் பாக்கலியே" என்றாள். இப்படி யார் யாரோ. மகள் மலையில் எத்தனை வீட்டுக்கு வேண்டியவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. எல்லோரும் நேற்று பார்த்தவர்கள்தான், இன்று பார்த்தவர் இல்லை என்பதைக் கவனிக்காத வரையில்.

பிறகு, மகள் இறங்கிக் கடந்து போக வேண்டிய ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"நர்ஸம்மா, எங்க வந்துகினு இருக்கீங்க? ஊசி போடற நாளுன்னு புள்ளைங்கள தூக்கிக்கினு எல்லாரும் உக்காந்துகினு இருக்காங்க."

நான் யாரென்று சொன்னேன். அவர் குழம்பவில்லை. "அப்ப கெளம்பி ரொம்ப நேரம் ஆயிருக்குமேம்மா" என்றார்.

"ஓடையில தண்ணி வருதா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜாஸ்தியாதான் போவுது" என்றார்.

"ஐயா, அவ போனு வேல செய்யல. கொஞ்சம் ஓடையாண்ட போய்ப் பாருங்க. தனியா போவாதீங்க, ரெண்டு ஆளக் கூட்டிக்கினு போங்க. என் நம்பரு ஒண்ணு சொல்றன், அதயும் போட்டுக்குங்க" என்றேன். அவர் என் எண்ணைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் வைத்தார்.

மாடிக்குப் போனேன். மலை இல்லை. கணவர் குடையோடு பின்னால் வந்து நின்றார். அன்றைக்குக் கேலி எதுவும் சொல்லவில்லை. மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். "வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்றது புதுக் கம்பெனியின் பதிவுக்குரல். கணவர் போனை என் கையிலிருந்து வாங்கி அழைப்பைத் துண்டித்துவிட்டு, திரும்ப என் கையில் வைத்தார். குடையை என் பக்கம் சாய்த்ததில் அவர் தோள் முழுக்க நனைந்துவிட்டது.

அடுத்த மணி அந்த ஓடைக்காரரின் எண். எடுத்தேன்.

"எம்மா" என்றது மகளின் குரல். "என் நம்பர்ல நீ இன்னா பண்ணிகினு கீற?"

அவள் ஓடைக்கு இந்தப் பக்கத்து வீடொன்றில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீரைப் பார்த்ததும் இறங்காமல், வடியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். ஓடைக்காரர் அக்கரையில் நின்று கூப்பாடு போட்டு, பாறைமேட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து போனை நீட்டியிருக்கிறார்.

"அந்த வூட்ல போனு இருந்திருக்குமே பாப்பா. ஒரு வார்த்த பேசக் கூடாதா?"

"பேசலாம்னுதான் வாங்கினேன். என் போனு நேத்தே சார்ஜ் இல்லாம செத்துப்போச்சி. உன் நம்பரு மனசுல இல்லம்மா. அம்மான்னுதான் போட்டு வெச்சிருக்கேன். மொத நாலு எண்ணு ஞாபகம் வந்துது, அப்புறம் வரல."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. வைத்த பிறகு அழுதேன். மகளுக்கு எத்தனையோ மருந்தின் அளவு மனப்பாடம். அம்மாவின் எண் தெரியவில்லை. கோபப்பட எனக்கு வழியில்லை. அவள் எண்ணும் எனக்கு அப்போது மனப்பாடம் இல்லை.

பாதை திங்கள்கிழமைதான் சரியானது. அதுவரைக்கும் வந்த அழைப்புகளையெல்லாம் நானே எடுத்து, மகள் அன்று சாயங்காலம் கேட்டுச் சொன்ன எண்ணில் அவள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை கேட்ட பெரியவர் மறுபடியும் அழைத்து, "கீழ நர்ஸம்மாவா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பேசினார். மலைக்குப் போகும் பஸ்ஸில் சாப்பாட்டுத் தூக்கு, கோழிக்குஞ்சு, மருந்து எல்லாம் கண்டக்டர் கையில்தான் போகும். சிம்மைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடி நூல் கட்டிக் கொடுத்தேன். அவர் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒண்ணுமே இல்ல?"

"எம் பொண்ணு கீறா" என்றேன்.

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மகள் அழைத்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினாள். மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு சொல்கூட அறுபடவில்லை. மஞ்சள் பையை அவிழ்த்துவிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு தினமும் பேச்சை முடிக்கும் முன் என் எண்ணை அவளும் அவள் எண்ணை நானும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சில நாள் சலித்துக்கொள்வாள். விடமாட்டேன்.

யாராவது கம்பெனி மாற்றலாமா என்று என்னிடம் கேட்டால் தயங்காமல் சொல்கிறேன்: உன் ஆள் இருக்கும் இடத்தில் எது எடுக்கிறதோ அதற்கு மாறு, உனக்கு இங்கே எடுக்கிறதா என்று பார்க்காதே. ஆனால் சிம்மும் ஆளும் ஒரே ஊரில் இருக்கும்போது மாற்று. சிம்மை அவள் பேருக்கே எழுதிவிட வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறேன். அடுத்த முறை அவள் கீழே வரும்போது சேர்ந்து போவோம். என் போனை மட்டும் மாற்றவில்லை. ரப்பர் பேண்டு புதிது போட்டிருக்கிறேன்.

ஓடைக்காரரிடம் என் எண் இருக்கிறது அல்லவா? அவர் அதை அழிக்கவில்லை. போன புதன்கிழமை நல்ல மழை, மலை மறைந்திருந்தது. தெரியாத எண்ணோ என்று கை ஒரு கணம் நின்று, பிறகு எடுத்தேன்.

"ஓடயத் தாண்டிட்டாங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

பின்னால் மகளின் குரல் கேட்டது. "யாருண்ணா போன்ல?"

"ராங் நம்பரு நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.