அரக்கு அடித்த பெட்டி

ஆரணியில் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் பெண்கள் குறைவு. பெரணமல்லூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து, நெசவுக்காரத் தெருவில் அறை பிடித்து, சொந்தமாகத் தொழில் நடத்துகிற பெண் கலையரசி ஒருத்திதான். அம்மா பச்சையம்மாள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு மகளை டிப்ளமோ படிக்க வைத்தாள். மகளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளமில்லை. வேண்டிய இடத்தில் திறக்கும், அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் பட்டு வியாபாரி சந்திரமோகனின் கடையில் சேர்ந்தாள். மாடியில் ஏசி அறை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் கலையரசி. அவள் போட்ட பூவும் கொடியும் மயிலும் அட்டையில் குத்தப்பட்டு, தறிக்குப் போய், கல்யாணச் சேலையாகத் திரும்பி வரும். கடைக்கு வருகிறவர்களிடம் சந்திரமோகன் சேலையை விரித்துக் காட்டி, "ராத்திரி பூரா யோசிச்சேன், காலைல இந்த பார்டர் தோணிச்சி" என்பார். மாடியில் அவளுக்குக் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவாள்.

ஒருநாள், தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். சந்திரமோகன் கோபப்படவில்லை. கோபப்படாததுதான் விவகாரம். நாலு பேரைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, கடையின் பழைய கம்ப்யூட்டரை அவள் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். பெட்டியின் பக்கவாட்டில் முழு அகலத்துக்கும் தன் கடைப் பேரைத் தங்க நிற ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். "இந்தப் பேரு கூட இருந்தா உனக்குத்தாம்மா மரியாத" என்றார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி. ஆனால் மாட்டின் நெற்றியில் தன் பேரைச் சூடு போட்டு ஒருவன் தானம் கொடுத்தால், அது தானமா, மேய்ச்சலுக்கு விட்டதா?

மாடு வேறு கிழட்டு மாடு. ஓர் இடி மழையில் மதர்போர்டு போயிற்று. பிறகு ஹார்ட் டிஸ்க், அப்புறம் பவர் சப்ளை. ஒவ்வொன்றாகக் கலையரசி தன் சம்பாத்தியத்தில் வாங்கிப் போட்டாள். கடைசியில் சந்திரமோகன் கொடுத்ததில் மிஞ்சியது வெளித் தகரமும் அதன்மேல் இருந்த பேரும்தான்.

அந்தப் பேர் சும்மா இருக்கவில்லை. அறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் படிப்பார்கள். "ஓ, அவரு பிராஞ்ச்சா?" என்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. ஒருநாள் முள்ளிப்பட்டிலிருந்து எல்லப்பன் வந்தார். சொந்தத் தறி வைத்திருக்கிற, நயம் தெரிந்த மனிதர். திரையில் அவள் புதிதாகப் போட்டிருந்த பனங்குலை பார்டரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார். கலையரசிக்கு உள்ளம் குளிர்ந்தது. எழுந்திருக்கும்போது அவர் கண் பெட்டியின் மேல் விழுந்தது.

"நல்லா கீதும்மா. மொதலாளிய ஒரு வார்த்த கேட்டுகினு குடு. பின்னால பேஜாராயிடக் கூடாது பாரு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது. அவர் போன கையோடு பிளேடை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தாள். தங்கக் காகிதம் சுருள் சுருளாக வந்தது. மண்ணெண்ணெய் போட்டுப் பிசினையும் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் பேர் அப்படியே இருந்தது! இத்தனை நாளில் பெட்டி பழுப்பேறி, ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றுவிட்டது. முன்பு தங்கத்தில் மின்னியது, இப்போது பேய் மாதிரி வெள்ளையில் முறைத்தது.

"இருடா உனக்கு" என்றாள் கலையரசி, பெட்டியைப் பார்த்து.

பைக் சாமான் விற்கிற கடையில் ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாக்கள் வாங்கினாள். அடியில் அடிக்கப் பிரைமர், உடலுக்கு அரக்குச் சிவப்பு, எழுத்துக்கு மஞ்சள். முகூர்த்தச் சேலையின் ஜோடி அது. மணமேடைக்குப் போகிற நிறம் தன் மேசைக்கு வரக் கூடாதா என்ன? வண்டி எந்த மாடல் என்று கடைக்காரன் கேட்டான். வண்டியில்லை, கம்ப்யூட்டர் என்றதும் ஒருமாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

அறையைச் சுற்றிவர வீடுகளும் தறிகளும். உள்ளே அடித்தால் நாற்றம் தாங்காது, தெருவில்தான் அடிக்க வேண்டும். தெருவிலோ காலையில் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். பல சேலைகளுக்கான பட்டு இழை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெயிலில் விறைத்து நிற்கும். வீட்டுக்காரி ரேணுகாம்பாள் டப்பாவைப் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா கலை, என் பாவுக்குச் சாயம் போடப் போறியா?"

"இல்லக்கா, பொட்டிக்குத்தான்."

"காத்துக்கு அது தெரியுமா? ஒரு துளி பட்டுச்சின்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். பாவ சுத்தி எடுத்தப்புறம் அடி."

நியாயம்தான். பட்டு இழையின் அருமை கலையரசிக்கும் தெரியும். காத்திருக்கும் நேரத்தில் பெட்டியைப் பிரித்தாள். உள்ளிருந்த போர்டு, டிஸ்க், வயர் எல்லாவற்றையும் கழற்றி அறைக்குள் ஒரு பலகையில் பரப்பி வைத்தாள். வெறும் தகரத்தை உப்புத்தாள் வைத்து மேலாகத் தேய்த்தாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, சந்திரமோகன் பேரைத் தெருவில் வைத்துச் சுரண்டுகிறாள் என்று பஜார் வரை சேதி போய்விட்டது.

பாவு எடுத்த பிறகு பிரைமரை லேசாகத் தெளித்துக் காயவிட்டு, அரக்கு டப்பாவை உலுக்கினாள். உள்ளே குண்டு கலகலத்தது. ஆசையில் கிட்டே வைத்து அடித்ததில் அரக்கு வழிந்து கண்ணீர்க் கோடாக இறங்கிற்று. அதைக் காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடித்தாள். இந்த முறை கையைத் தள்ளி வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறுத்தாமல் வீசினாள். வெள்ளைப் பேய் மங்கியது, இன்னும் மங்கியது, அடுத்த பூச்சில் போயே போய்விட்டது. கலையரசி சிரித்தாள். அவ்வளவு நல்ல அரக்கு, கூறைப் புடவை பார்த்துப் பழகிய ரேணுகாம்பாளே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இனி பேர். 'கலையரசி டிசைன்' என்று கம்ப்யூட்டரில் முன்னாலேயே எழுதி, அட்டையில் எடுத்து, எழுத்துகளைக் குடைந்து வைத்திருந்தாள். சிவப்புக் காய்ந்ததும் அட்டையைப் பெட்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, மஞ்சளைக் கெட்டியாக, தாராளமாக அடித்தாள். அட்டையை உரித்தாள்.

பேர் திரும்பியிருந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு.

தறியில் சேலையின் நல்ல முகம் கீழே பார்த்துக் கிடக்கும். முந்தியில் மாப்பிள்ளை பெண் பேர் நெய்ய வேண்டுமென்றால் டிசைனில் திருப்பித்தான் போட வேண்டும். எத்தனையோ ஜோடிகளின் பேரை அவள் அப்படித் திருப்பியிருக்கிறாள். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் பேரை எழுத உட்கார்ந்தபோது, கை பழக்க தோஷத்தில் அதையும் திருப்பிவிட்டது. அவளுக்கு அழுகையும் வந்தது, தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்திரமோகனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கஞ்சி போட்ட மொடமொட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பெட்டியைப் பார்த்தார். திரும்பிய எழுத்தைப் படிக்க முயன்று, புரிந்ததும் சிரித்தார்.

"பேரையே நேரா எழுதத் தெரியல, இதுல தனிக்கடை. என் பேரு எங்கம்மா?"

"சுரண்டிட்டேன் மொதலாளி."

"பெயிண்ட் அடிச்சா வாடக வூடு உன்னுதாயிடுமா? காலனியிலருந்து வந்த பொண்ண ஏசி ரூம்புல உக்கார வெச்சேன். அந்த நன்றி வேணாம்?"

தெருவில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் காலில் விழு என்றிருப்பாள். கலையரசி நிமிர்ந்து நின்றாள்.

"உக்கார வெச்சீங்க. நான் சும்மா உக்காரல, சந்திரமோகன் சார்."

'மொதலாளி' வெறும் 'சார்' ஆனதை அவர் கவனித்தார். முகம் கறுத்தது. "அப்ப என் பொட்டிய எடு. இப்பவே எடுத்துகினு போறேன். நாளைக்கி எதுல டிசைன் போடறேன்னு பாக்கறேன்."

"தாராளமா. வாடக வூட்ட காலி பண்ணியாச்சி சார், பாருங்க." அறைக்குள் பலகையைக் காட்டினாள். பச்சைப் போர்டும் வயர்களும் அங்கே கிடந்தன. "சாமான் எல்லாம் நான் வாங்கினது. தகரம் உங்களுது. இன்னும் காயல, ஈரமா கீது, பாத்து எடுங்க."

"எனக்குத் தெரியும், நீ ஒதுங்கு!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சந்திரமோகன் பெட்டியை ஒரே தூக்காகத் தூக்கி, குழந்தையை அணைக்கிற மாதிரி நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் அதை வைத்துவிட்டு, விறைப்பாக நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில், இந்தப் பையிலிருந்து அந்தப் பக்கம் வரை, திரும்பியது திரும்பி நேராகி, மஞ்சளில் பளிச்சென்று பதிந்திருந்தது: கலையரசி டிசைன்.

சட்டையைப் பற்றிக் கலையரசி சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருதரம் சொல்லியாயிற்று, ஒதுங்கு என்றார், ஒதுங்கிவிட்டாள். ஸ்கூட்டர் பஜார்ப் பக்கம் போயிற்று.

மறுநாள் எல்லப்பன் வந்தார். அறையில் பெட்டி என்று ஒன்றும் இல்லை, அதோடு பவர் பட்டனும் போயிருந்தது. கலையரசி பலகையின் மேல் குனிந்து, போர்டில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டாள். சின்ன விசிறி சுற்றியது. திரையில் பனங்குலை எழுந்தது. எல்லப்பன் நாற்காலியில் உட்காராமல் நின்றார். அடக்கப் பார்த்தும் மீசை துடித்தது.

"நேத்து பஜார்ல டீ குடிச்சிகினு இருந்தேன். கடத்தெரு பூரா உன் பேர படிச்சிகினு நின்னுச்சி."

"மொதலாளிய கேட்டுகினு குடுக்கச் சொன்னீங்களே அண்ணா?"

"அவரே நெஞ்சுல எழுதிகினு ஊரு சுத்துறாரு. இன்னும் அவர இன்னாத்த கேக்கறது?" எல்லப்பன் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினார். "உன்னத்தான் கேக்கறேன். குடுப்பியா?"

கலையரசி அதை வாங்கிப் போர்டில் செருகினாள்.