தாயைத்தான் மாற்ற வேண்டும்

என் மகளுக்கு எப்போது பாலை நிறுத்துவது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவதோ அப்பாவின் பன்றிக் கொட்டில். இதை வெளியே சொன்னால் மாமியார் முறைப்பார்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி, அப்பா வெண்பன்றி வளர்த்தார். ஒரு முறை, தாய்ப்பன்றி மறுபடி சினைக்கு வரட்டும் என்ற அவசரத்தில், குட்டிகளைச் சீக்கிரமே பிரித்து, கழுவிச் சுத்தம் செய்த புதுக் கொட்டிலுக்கு மாற்றினார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். தீவனம் தின்னப் பழகாத குட்டிகள் கழிச்சல் கண்டு ஒவ்வொன்றாகச் செத்தன. தீவனத்தில் கலந்த மருந்துப் பொடி எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஈற்றுக் குட்டிகளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அவை தாயிடம் குடித்துக்கொண்டிருக்கும்போதே, தவிட்டையும் சோளமாவையும் கூழாகக் கரைத்து, கால்நடை மருத்துவர் தந்த தாது உப்பைக் கலந்து, தட்டில் வைத்துப் பழக்கினாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பன்னிக்குட்டிக்கு ஞானஸ்நானமா குடுக்கப் போற, இப்படி நாள் பாத்துக்கிட்டு இருக்க?"

"அதுங்க தட்டக் காலி பண்ணட்டுங்க, அப்பறம் பிரிக்கலாம். அப்பவும் குட்டிங்கள எடம் மாத்தாதீங்க. தாயத்தான் மாத்தணும். பழகுன எடமாவது அதுங்களுக்கு இருக்கட்டும்."

குட்டிகள் தட்டை நக்கித் தீர்க்கத் தொடங்கிய பிறகுதான் தாயைக் கொட்டிலின் மறுகோடிக்கு ஓட்டிப்போய் அடைத்தார்கள். குட்டிகள் கொஞ்ச நேரம் கத்தின. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கிவிட்டன. ஒன்றுக்கும் கழிச்சல் வரவில்லை. அப்பா அதைத் தன் யோசனையாகவே ஊரெல்லாம் சொன்னார்.

தாய்தான் அடங்கவில்லை. கம்பியை முட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அதற்குத் தண்ணீர் மட்டும் வைத்தாள்.

"ஏம்மா பட்டினி போடுற? பாவம்மா அது!"

"தின்னா பால் ஊறும்டி. குடிக்க ஆளில்லாம கட்டிக்கிட்டா நோவு தாங்காது."

எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. பால் போய் நோகுமா? அம்மா ஈரத்துணியைப் பிழிந்து அதன் விம்மிய மடியில் ஒற்றினாள். முட்டுவதை நிறுத்தி அது மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குட்டிகள்தான் பிழைத்துவிட்டனவே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்றுதான் அந்த வயதில் எனக்குத் தோன்றியது.