மணியண்ணா காப்பிக்குக் காத்திருந்த காலை

போன வெள்ளிக்கிழமை மிளகு வியாபாரக் கூடத்தில் பேரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, பள்ளுருத்தியிலிருந்து வந்த ஒருவர் மணியண்ணா தூக்கத்திலேயே காலமாகிவிட்டதாகச் சொன்னார். கூச்சல் அப்படியே அடங்கியது. யாரோ, "அவர் இங்கே இருந்தா, 'என்ன ஓய், எல்லாரும் தூங்கறேளா?'ன்னு கேட்டிருப்பார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம்.

அவருடைய தொண்டையை அறியாதவர் மட்டாஞ்சேரியில் உண்டா? விலையைக் கூவியே சரக்கைப் பிடிக்கவேண்டிய தொழில் எங்களுடையது. மணியண்ணா கூவினால் படகுத்துறையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும் என்று கேலி செய்வோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. முகம் ஊதியது, பேச்சு இழுத்தது. கொச்சியின் மீனமாத வெயிலில், அதாவது நம் பங்குனி வெயிலில், கம்பளி போர்த்திக்கொண்டு வந்து உட்காருவார். அவர் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் சரக்கை எடுத்துவிடுவார். "நான் இனிமே வரலை ஓய்" என்றார் ஒருநாள். அவரை வீட்டில் கொண்டுவிட்டுத் திரும்பும்போது எனக்குப் பயமாக இருந்தது.

தைராய்டு சுரப்பி சோம்பிவிட்டது என்று டாக்டர் வர்கீஸ் மாத்திரை கொடுத்தார். மாதங்கள் போயின. அளவைக் கூட்டியும் பலனில்லை. ஒரு காலை டாக்டர் சொல்லாமல் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். மணியண்ணா தைராய்டு மாத்திரை, சோகைக்கான இரும்பு மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான சுண்ணாம்பு மாத்திரை மூன்றையும் ஒரே வாயில் போட்டு, மேலே காப்பியை ஊற்றிக்கொண்டார்.

"எந்தா ஸ்வாமி இது?" என்று அலறினார் டாக்டர்.

"எல்லாம் ஒரே வயத்துக்குத்தானே போறது? ஒண்ணாவே போகட்டுமே!"

"தினமும் இதே கூத்துதான் டாக்டர்" என்றார் மணியண்ணாவின் மனைவி பார்வதி மன்னி.

"வயித்தில போனா போராது ஸ்வாமி, ரக்தத்தில சேரணும். இரும்பும் சுண்ணாம்பும் தைராய்டு மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும்னு தோணுது. காப்பியும் தடுக்கும்போல. பிரிச்சுப் பார்ப்போம்."

எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியும் இட்லியும். மற்ற இரண்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதுதான் உத்தரவு.

காப்பியில்லாத அந்த ஒரு மணி நேரத்தைத் தள்ள அவர் விடியற்காலையில் என் கதவைத் தட்டுவார். காயலோரமாக நடப்போம். "ஆச்சா ஓய்?" என்பார். "கால்மணிகூட ஆகலை அண்ணா" என்பேன். சாயாக்கடைச் சேட்டன், "ஸ்வாமி, ஒரு சாயா எடுக்கட்டே?" என்று வம்புக்கிழுப்பார். மணியண்ணா மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார். அவர் மறுபடி ஓடுகிறார் என்பதையே அப்போதுதான் கவனித்தேன்! யார் மாத்திரையைக் கையில் எடுத்தாலும், "மருந்துக்கும் கொஞ்சம் தனிமை வேணும், கேட்டேளா?" என்று உபதேசிக்கவும் ஆரம்பித்தார்.

சில வாரங்களில் கம்பளி போயிற்று. பிறகு ஒருநாள் கூடத்தில் அவர் எழுந்து நின்று ஒரு விலை கூவினார். சுவர் அதிர்ந்தது. சரக்கைப் பறிகொடுத்தவரே முதலில் கைதட்டினார்.

மணியண்ணா அங்கே நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். தெருமுனையிலேயே நின்று, "பார்வதீ!" என்று கூப்பிட்டார். மன்னி ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார். "மெதுவா! ஊர் பூராக் கேக்கறது!" என்று சொல்லிக்கொண்டே அழுதார், சிரித்தார்.

மணியண்ணாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கூப்பாடுதான்.